ஆமைக் குஞ்சுக்கு வீடு அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்மன் ஆமைக் குஞ்சு வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலானோர் லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், பெரியவர்கள் வளர்க்கிறார்கள். அதனால் பதில்கள் எல்லாம் பிரிட்டன் வீடுகளையும் இங்குள்ள குளிரையும் மனத்தில் வைத்து எழுதியவை. குஞ்சு என்று நான் சொல்வது முட்டையிலிருந்து வந்து இரண்டு வயது நிறையாததை.

ஹெர்மன் ஆமை என்றால் எது? ஊரில் பார்க்கும் நட்சத்திர ஆமைதானா?

இல்லை, இது வேறு இனம். ஸ்பெயின், பிரான்சின் தெற்கு, இத்தாலி, கிரீஸ், பால்கன் நாடுகள் இதன் சொந்த இடம். மஞ்சளும் கறுப்பும் கலந்த ஓடு. முட்டையிலிருந்து வரும்போது நான்கு சென்டிமீட்டர்கூட இருக்காது. வளர்ந்தால் பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வயதைத் தாண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் நடுத்தர வயதுவரை கூடவே வரும் உயிரை வாங்குகிறோம் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019-இல் அதன் பன்னாட்டு வணிகத்தையும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். விடுமுறைக்குப் போய்விட்டு வரும்போது பையில் ஒன்று கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. பைகளில் அடைத்துக் கடத்தப்படும் அந்த ஆமைகளில் எத்தனையோ வழியிலேயே செத்துப்போகின்றன.

ஹெர்மன் வாங்க மட்டும் இங்கே காகிதம் எதுவும் வேண்டாமா?

வேண்டும். பிரிட்டனில் ஹெர்மன் ஆமையை விற்பதற்கு ஆர்டிகிள் 10 சான்றிதழ் தேவை, பாதுகாக்கப்பட்ட இனத்தை விற்க அரசு தரும் அனுமதி அது. விற்பவர் அதை உங்கள் கையில் தர வேண்டும். ‘அப்புறம் அனுப்புகிறேன்’ என்றால் வாங்காதீர்கள். சான்றிதழில் மைக்ரோசிப் பற்றி என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதை அன்றைக்கே படித்துவிடுங்கள். மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை, பலர் அதை வாங்க அதுவும் ஒரு காரணம். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஆனால் அது இன்னும் ஆழமாகத் தோண்டும், தோட்டத்து வேலிக்கு அடியில் சுரங்கமே போட்டுவிடும்.

பழைய மீன் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே விட்டால் என்ன?

முதல் சிக்கல், கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருப்பது ஆமைக்குப் புரிவதில்லை. எதிரே தெரிகிற இடத்துக்குப் போக முடியவில்லையே என்று மூலையில் மணிக்கணக்கில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது, ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி என்று பிரிப்பதற்குச் சாதாரண மீன் தொட்டியில் நீளம் போதாது.

வேறு வழியே இல்லை, தொட்டியும் நீளமானது என்றால், வெளிப்பக்கம் கீழிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடித்த காகிதம் ஒட்டிப் பார்வையை மறைத்துவிட்டுச் சில மாதங்கள் ஓட்டலாம். ஆனால் மரப்பெட்டிதான் நல்லது.

அப்படியானால் எவ்வளவு பெரிய பெட்டி? விலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

குஞ்சுக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் நல்ல தொடக்கம். 120 சென்டிமீட்டர் நீளம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்காது. ‘பெரிய பெட்டியில் குட்டி பயந்துவிடும்’ என்று சிலர் சொல்கிறார்கள். பெட்டி வெறுமையாக இருந்தால்தான் பயப்படும். ஒளிந்துகொள்ள இடங்கள் இருந்தால் பயப்படாது.

புதிதாக வாங்க வேண்டும் என்பதே இல்லை. பழைய மரப் புத்தக அலமாரியின் தட்டுகளைக் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்தால் பெட்டி தயார். முதுகுப் பலகை மெல்லியதாக இருந்தால் அடியில் வேறு பலகை வைத்துத் திருகுங்கள். உள்ளே குளத்துக்குப் போடும் கறுப்பு லைனரை விரித்து ஓரங்களில் ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள், மரம் ஊறாது. மண் போட்ட பிறகும் சுவர் குறைந்தது இருபது சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். ஹெர்மன் குஞ்சு நன்றாகவே ஏறும். மிச்சமாகும் பணத்தை விளக்குகளுக்குச் செலவிடுங்கள், அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

மேல்பக்கம் திறந்திருக்கலாமா, மூட வேண்டுமா?

ஆமை மேசை என்று கடையில் விற்பவை எல்லாம் திறந்தவை. வளர்ந்த ஆமைக்குச் சரி. குஞ்சுக்கு, அதுவும் ரேடியேட்டர் ஓடுகிற நம் வீடுகளில், திறந்த பெட்டி மிக வேகமாகக் காய்ந்துவிடுகிறது. முதல் இரண்டு வருடம் மூடியோ பாதி மூடியோ இருக்கட்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. குளிர்ச்சியான பாதிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தகடோ பலகையோ வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். விளக்கு இருக்கும் பாதியைத் திறந்தே விடுங்கள், சூடான விளக்கின் பக்கத்தில் பிளாஸ்டிக் வரவே கூடாது.

தரையில் என்ன போடுவது? கடையில் மரத்தூள் உருண்டை கொடுத்தார்கள்.

அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றையும் உலர்த்திவிடும். உரம் கலக்காத டாப்சாயிலும் தேங்காய் நார்த்தூளும் சம பங்கு கலந்து, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். நார்த்தூள் ‘கோகோ காயர்’ என்ற பெயரில் செங்கல் வடிவில் கிடைக்கும், வெந்நீரில் ஊறவைத்தால் உதிர்ந்து பெருகும். தொட்டிச் செடிக்கான கம்போஸ்ட் வேண்டாம். அதில் உரமும், ஆமை தின்றுவிடக்கூடிய வெள்ளைப் பெர்லைட் உருண்டைகளும் இருக்கும்.

வெறும் மணலும் வேண்டாம். சாப்பாட்டோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும், கண்ணையும் உறுத்தும். செய்தித்தாள் சுத்தமாகத் தெரியும், ஆனால் அதில் புதைந்துகொள்ள முடியாது. குஞ்சுக்குப் புதைவது தூக்கத்தைப் போல அவசியம்.

ஆமை வறண்ட இடத்துப் பிராணிதானே? ஈரம் வைத்தால் சளி பிடிக்காதா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். மத்தியதரைக் கடல் ஓரத்துக் கோடை வறண்டது, உண்மை. ஆனால் குஞ்சு அந்த வெயிலில் நடமாடுவதில்லை. புதர்களின் வேரடியிலும் காய்ந்த இலைகளுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும்தான் பெரும்பாலான நேரம் கிடக்கிறது. அங்கே காற்றில் ஈரம் இருக்கிறது. நாம் விளக்கடியில் மொட்டையாக வைக்கும் குஞ்சுக்கு அந்த ஈரம் கிடைப்பதில்லை. காய்ந்த சூழலில் வளரும்போது ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் மேடாக எழும்பி, ஓடு முழுக்கச் சிறு கூம்புகளாகிவிடும். ஆங்கிலத்தில் பிரமிடிங் என்பார்கள். வந்துவிட்டால் அந்த மேடு அமுங்காது, இனி வளரும் ஓடு மட்டும் சமமாக வரும்படி பார்க்கலாம்.

முன்பெல்லாம் புரதம் கூடிய உணவுதான் இதற்குக் காரணம் என்று நம்பினார்கள். ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து வியன்னாவில் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. உணவுப் புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் அந்த மேடுகளை அதிகம் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. இனம் வேறு என்றாலும், ஈரத்தில் வளர்த்த ஹெர்மன் குஞ்சுகள் வழவழப்பான ஓட்டோடு வளர்வதை வளர்ப்பவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

சரி, சளி? சளியைக் கொண்டுவருவது குளிரும் ஈரமும் சேர்ந்திருப்பதுதான். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் கெடுதல் இல்லை. எழுபது, எண்பது சதவீத ஈரப்பதம் இருக்கட்டும். அதற்குத் தினமும் மேலே தண்ணீர் தெளித்தால் போதாது, அரை மணியில் ஆவியாகிவிடும். வாரத்துக்கு ஓரிரு முறை பெட்டியின் மூலைகளில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது அடியில் பரவும். அடிமண் ஈரமாக, மேல்மண் தொட்டால் கையில் ஒட்டாதபடி இருந்தால் சரியான பதம். மேலேயே சொதசொதவென்று இருந்தால் அடி ஓட்டில் பூஞ்சை வரும். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைக் குளிர்ந்த பக்கத்தில், ஆமையின் உயரத்தில் வையுங்கள். சுவரின் உச்சியில் ஒட்டினால் அது காட்டும் எண் ஆமைக்குச் சம்பந்தமில்லாதது.

வீடு முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. தனியாக விளக்கு எதற்கு?

ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. காலையில் வெயிலில் காய்ந்து, உடம்பு சூடேறிய பிறகுதான் அதற்குப் பசியே எடுக்கும், தின்றது செரிக்கும். இருபது டிகிரி அறை நமக்கு இதம், அதற்கு மந்தம். ஆகவே பெட்டியின் ஒரு முனையில், விளக்குக்கு நேர் கீழே ஆமையின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி வேண்டும். மறு முனை 20 முதல் 22 டிகிரி. நடுவில் எங்கே நிற்பது என்று அது தானே முடிவு செய்துகொள்ளும். அந்தத் தேர்வைக் கொடுப்பதற்காகத்தான் பெட்டி நீளமாக வேண்டும் என்று மேலே சொன்னேன்.

சூட்டுக்குச் சாதாரண ஹாலோஜன் ஃபிளட் பல்பு போதும். குறுகிய ஒளிக்கற்றை விடும் ஸ்பாட் பல்பு வேண்டாம், ஓட்டின் ஒரே இடத்தைச் சுட்டு உலர்த்திவிடும். சூட்டைப் பார்த்து விளக்கைத் தானே மங்கவைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டில் இணைத்துவிட்டால் கோடையில் அறை சூடானாலும் பெட்டி கொதிக்காது. விளக்கை அதோடு வந்த கிளிப்பில் மட்டும் தொங்கவிடாதீர்கள். நழுவி உலர்ந்த நார்த்தூளில் விழுந்தால் தீப்பிடிக்கும். சங்கிலியோ கம்பியோ போட்டு இன்னொரு பிடியும் கொடுங்கள்.

எங்கள் ஜன்னலோரம் நல்ல வெயில் விழுகிறது. யூவி விளக்கு வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டும். ஆமைக்குத் தேவையான யூவி-பி என்ற புறஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் வரும், அந்தக் கதிர் வராது. அது இல்லாமல் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகாது. டி3 இல்லாமல் சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேராது, ஓடு மென்மையாகி உருக்குலையும். இன்னொன்று, ஜன்னலோரத்தில் மூடிய பெட்டி கோடை மதியத்தில் சில மணி நேரத்தில் ஆமையையே கொன்றுவிடும் அளவுக்குச் சூடாகும். பெட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

டி5 எனப்படும் நீளமான, மெல்லிய குழல் விளக்கு வாங்குங்கள். சுருள் வடிவச் சின்ன பல்பு வேண்டாம், அதன் கதிர் ஒரே இடத்தில்தான் விழும். எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் மாட்ட வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும், அதை மீறாதீர்கள். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், அதனால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். டைமர் போட்டு 12 மணி நேரம் இரண்டு விளக்கும் எரியட்டும். 50 வாட் ஹாலோஜனும் 24 வாட் குழலும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்தான்.

கடைக்காரர் அடியில் விரிக்கும் ஹீட் மேட்டும் ராத்திரிக்குச் சிவப்பு பல்பும் சேர்த்துத் தந்திருக்கிறார். எப்போது போடுவது?

இரண்டும் வேண்டாம். சூடு தாங்கவில்லை என்றால் ஆமை மண்ணுக்குள் போகும், அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்பது அதன் பிறவி அறிவு. அடியிலிருந்து சூடேற்றினால் தப்பிக்கப் போகிற இடமே அதைச் சுடும். சிவப்பு வெளிச்சம் நமக்குத்தான் மங்கல். ஆமையின் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும், தூக்கம் கெடும்.

இரவில் இருட்டு வேண்டும். அறை 18 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால் எதுவும் தேவையில்லை. போகும் என்றால் வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டரை மேலிருந்து, தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.

பெட்டிக்குள் என்னவெல்லாம் வைக்கலாம்? பிள்ளைகள் பொம்மை வீடு, பாலம் எல்லாம் வாங்கி வந்துவிட்டார்கள்.

அழகுக்காக எதையும் வைக்காதீர்கள், உயரமான எதையும் வைக்காதீர்கள். ஏறி, கவிழ்ந்து, விளக்கடியில் மல்லாந்து கிடப்பதுதான் குஞ்சுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து. குறுக்கும் நெடுக்குமாகச் சில தட்டைக் கற்கள் பாதி புதைந்து கிடந்தால், கவிழ்ந்த ஆமை காலை ஊன்றித் திரும்பிக்கொள்ளப் பிடி கிடைக்கும். சமதளத்தில் கவிழ்ந்தால்தான் எழ முடியாமல் திணறும்.

ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. பாதியாக உடைந்த மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து, கூர்முனையைத் தேய்த்துவிட்டு வைத்தால் போதும். குளிர்ந்த பக்கத்து மறைவிடத்தில் ஈரப் பாசியைத் திணித்துவையுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தூங்கும். ஸ்பைடர் பிளான்ட், பான்ஸி, செம்பருத்தி நடலாம், நிழலும் ஆகும், தீனியும் ஆகும். புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம், மண்ணை மாற்றிச் சில வாரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு நடுங்கள். மணி பிளான்ட், ஐவி, டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்றை விளிம்பு மட்டத்துக்குப் புதையுங்கள். கழுத்துக்கு மேல் ஏறாத அளவு தண்ணீர்.

தண்ணீர்த் தட்டு இருக்கிறதே, தினமும் குளிப்பாட்டவும் வேண்டுமா?

குஞ்சுக்கு வேண்டும். காலையில் ஒரு கிண்ணத்தில், ஓட்டின் பக்கவாட்டு மடிப்புவரை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 15, 20 நிமிடம் உட்காரவையுங்கள். குடிக்கும், கழிக்கும், பெட்டியும் சுத்தமாக இருக்கும். தண்ணீர் ஆறிவிட்டால் எடுத்துவிடுங்கள். அந்தக் கிண்ணம் ஆமைக்கு மட்டும்தான். சமையல் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவாதீர்கள். ஆமைகள் நோய் இல்லாமலே சால்மனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நம் வீட்டுக் கீரை கொடுக்கலாமா? பாட்டி தோசைத் துண்டு வைக்கிறார்.

பாட்டியைத் தடுத்துவிடுங்கள். சோறு, தோசை, ரொட்டி, பழம் எதுவும் இதன் குடலுக்கு ஏற்றதல்ல. தோட்டத்துக் களைகள்தான் முதல் தரமான தீனி: டேன்டிலயன் இலையும் பூவும், சோ திசில், புல்வெளியில் தரையோடு படர்ந்து வளரும் பிளான்டெய்ன். பிளான்டெய்ன் என்று கடையில் விற்கும் வாழைக்காயை வாங்கிக் கொடுத்த குடும்பம் உண்டு, அது அல்ல. பசலைக்கீரையிலும் முளைக்கீரையிலும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட் அதிகம், தவிர்க்கலாம். செம்பருத்தி இலையும் பூவும் தாராளமாகக் கொடுக்கலாம்.

தீனியை மண்ணில் போடாமல் ஸ்லேட் கல்லின் மேல் வையுங்கள். மண் வாயில் போகாது, நகமும் அலகும் தேயும். மீன் வாங்கும்போது கணவாய் கிடைத்தால் அதன் ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது கொறித்துக்கொள்ளும், காசு கொடுத்து வாங்கும் சுண்ணாம்புக் கட்டிக்கு அது குறைந்ததல்ல.

வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மண்ணுக்குள் புதைந்தே கிடக்கிறது. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

புது இடத்தில் முதல் சில நாட்கள் இது சகஜம். தோண்டித் தோண்டிப் பார்ப்பதுதான் அதை மேலும் பயமுறுத்தும். காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, மேலே சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, பிறகு தீனிக்கு முன்னால் விடுங்கள். அப்படியும் சுறுசுறுப்பு வரவில்லை என்றால் ஆமையைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் விளக்கடி 35-க்குப் பதில் 27-இல் இருக்கும், அல்லது 45-இல் இருக்கும்.

கண் வீங்கி மூடியிருந்தாலோ, மூக்கில் நீர் வழிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ காத்திருக்க வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். எல்லா மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை, அதனால் வாங்கும் முன்பே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: புதிதாகப் பொரித்த குஞ்சின் ஓடு அழுத்தினால் சற்று வளையும், அது நோய் அல்ல.

தனியாக இருப்பது பாவமாக இருக்கிறது. இன்னொன்று வாங்கி விடலாமா?

இந்த இரக்கம் நமக்குத் தோன்றுவது, ஆமைக்குத் தனிமை துன்பமே இல்லை. இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்று நல்ல சூட்டையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும். மற்றது சண்டை போடாமலே ஒதுங்கி, மெலிந்துபோகும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். அது பெரும்பாலும் நல்ல இடத்துக்கான போட்டி. ஹெர்மனையும் ஹார்ஸ்ஃபீல்டையும் ஒன்றாக வைப்பது அதைவிட மோசம். ஓர் இனம் தாங்கிக்கொள்ளும் ஹெர்பீஸ் வைரஸ் இன்னோர் இனத்தைக் கொன்றுவிடலாம்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று மாமியார் உள்ளே விட மறுக்கிறார். என்ன சொல்வது?

வாதாடி வெல்ல முயலாதீர்கள். பெட்டியைப் பூஜை இடத்திலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி வைப்பதாகச் சொல்லுங்கள், சுகாதாரத்துக்கும் அதுதான் சரி. பிறகு காலைத் தீனி வைக்கும் வேலையை அவரிடமே கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு உண்மையிலேயே மனம் ஒப்பவில்லை என்றால், ஐம்பது வருடம் வாழும் உயிரை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

கோடையில் தோட்டத்தில் விடலாமா?

அவசியம் விடுங்கள். எந்த விளக்கும் நேர் வெயிலுக்கு ஈடாகாது. நிழலில் 20 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் சில மணி நேரம் போதும். ஆனால் மேலே கம்பி வலை போட்ட கூண்டுக்குள் மட்டும். மேக்பை, காகம், நரி, எலி எல்லாமே குஞ்சைத் தூக்கிவிடும். பாதி இடம் நிழலாக இருக்கட்டும், தண்ணீர் இருக்கட்டும். களைக்கொல்லி அடித்த புல் என்றால் வேண்டாம்.

குளிர்காலத்தில் தூங்க வைக்க வேண்டுமா?

காட்டில் ஹெர்மன் குஞ்சுகளும் முதல் குளிர்காலத்திலேயே தூங்குகின்றன, ஆகவே அது இயற்கைக்கு விரோதமல்ல. ஆனால் ஐந்து டிகிரியை ஒட்டி நிலையாக வைக்கவும், வயிற்றைக் காலி செய்யவும், எடையைக் கண்காணிக்கவும் அனுபவம் வேண்டும். புதிதாக வளர்ப்பவர் முதல் வருடம் விளக்குகளைத் தொடர்ந்து எரியவிட்டு விழிக்கவே வைப்பது நல்லது. குளிர்ந்த அறையில் பாதித் தூக்கமாக விடுவதுதான் மிகக் கெடுதல். தூங்கும் அளவு குளிரும் இல்லை, தின்னும் அளவு சூடும் இல்லை, உடம்பிலிருப்பது கரைந்துகொண்டே போகும்.

ஆகஸ்டில் நான்கு வாரம் ஊருக்குப் போகிறோம். டைமர், தெர்மோஸ்டாட் எல்லாம் இருக்கிறது. தீனி மட்டும் நிறைய வைத்துவிட்டுப் போனால் போதாதா?

வளர்ந்த ஆமையையே அப்படி விடக் கூடாது, குஞ்சு என்றால் பேச்சே இல்லை. கீரை ஒரே நாளில் வாடும், தட்டுத் தண்ணீர் காயும், பல்பு ஃபியூஸ் போனால் கவனிக்க ஆள் இருக்காது, கவிழ்ந்தால் திருப்பிவிட ஆள் இருக்காது. தினமும் ஒருவர் வர வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவரை வரவழைத்து, குளிப்பாட்டுவதையும் மூலையில் தண்ணீர் ஊற்றுவதையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். விளக்கடி எண், குளிர்ந்த பக்கத்து எண், ஈரப்பதம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். தினமும் அந்த மூன்று எண்களையும் ஒரு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆமை வளர்க்கும் வேறொரு வீட்டில் விடுவதானால் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக் கொடுங்கள், அவர்களுடைய ஆமையோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காரணம் மேலே இருக்கிறது. மருத்துவர் பெயரும் ஃபோன் எண்ணும், செலவுக்குக் கொஞ்சம் பணமும், ஒரு ஹாலோஜன் பல்பும் கூடவே கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.